மட்டுக்கட்டுதல்

மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லாஞ்சியில் போய்வந்த காலம் அது. தரைவழியாகப் போவதென்றால் ஆற்றுக்கு ஆறு பாதைக்காகக் காத்துக்கிடக்க வேண்டும். கொட்டியாரக் குடாவைக் குறுக்கே கடந்துவிட்டால் துறைமுகம்தான்.

வாப்பா எப்போதும் ஓரத்து வாங்கில்தான் இருப்பார். எனக்கு வெறும் புள்ளியாகத் தெரிவது அவருக்குத் தோணியாகத் தெரியும்.

"மகன், அந்தா போறது மாமாட தோணி."

"எப்படி வாப்பா தெரியும்?"

"பச்சைப் பட்டியப் பாரு. அணியமும் கொஞ்சம் சாஞ்சிருக்கு. மனிசர நடையில மட்டுக்கட்டுறல்லியா, அதுபோலதான்."

சீனக்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் பெருங்கப்பல்களை நான் வாய்பிளந்து பார்ப்பேன். வாப்பா திரும்பியும் பாரார். நாம் கையைத் தூக்கினால் பதிலுக்குக் கை தூக்க அதில் ஆளில்லை என்பார்.

2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. மூன்றாம் நாள், கரையோரப் பற்றைக்குள் கிடந்த உடைந்த பலகையொன்றை வாப்பா புரட்டிப் பார்த்தார். பச்சைப் பட்டி. மாமாவின் ஜனாஸாவை முதல்நாளே அடக்கியிருந்தோம். அன்று அழாத வாப்பா, அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார்.

அடுத்த வருடம் நிவாரணமாகப் பைபர் படகுகள் வந்தன. ஒரே அச்சு, ஒரே நிறம். இலக்கம் மட்டும் வேறு. லாஞ்சியில் போகும்போது, "அது ஆருட படகு வாப்பா?" என்று கேட்டேன்.

"தெரியல்ல மகன். எல்லாம் ஒண்டுபோல கிடக்கு."

அதன்பின் அவர் நடுவாங்கில் இருக்கத் தொடங்கினார்.

ஆசிரியர் கலாசாலைப் பயிற்சி முடித்து நான் படிப்பிக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. ஜனவரியில் வெள்ளைச் சீருடையில் நாற்பது பிள்ளைகள். பெயர்கள் மாறிமாறிப் போகும். இரண்டாந் தவணையில் முதுகைக் கண்டே ஆளைச் சொல்லிவிடுவேன். இதை வாப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. மற்ற ஆறுகளுக்கும் பாலங்கள் வந்தன. நான் பஸ்ஸுக்கு மாறினேன். வாப்பாவும் மௌத்தாகிவிட்டார்.

போன வருடம் மாமாவின் மகன் தன் படகில் என்னைக் குடாவுக்குள் கூட்டிப்போனான். தூரத்தில் ஒரு பைபர் படகு. பின்னால் நின்றவன் ஒரு கையில் இயந்திரப் பிடியும் மறுகை இடுப்பிலுமாக, ஒற்றைக் காலில் பாரம் கொடுத்து நின்றான். விடை தெரியாத கேள்விக்கு என் வகுப்பில் அப்படியே நின்ற பையன்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இயந்திரச் சத்தத்தில் கேட்டிருக்காது. ஆனாலும் அவன் இடுப்பிலிருந்த கையை உயர்த்தினான்.