மூடியிருந்த உதடுகள்



ஆராதனையைக் குறித்து வேதாகமக் கல்லூரியில் நான் கற்றவை அநேகம். ஆனாலும் மறக்கக் கூடாத பாடத்தைக் கற்றது வகுப்பறையில் அல்ல; மும்பை தாராவியில், தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலைசெய்த ஒரு வாலிபனிடத்தில்தான். இது எனக்கு வெட்கமான சாட்சி. எனினும் உங்களுக்குப் பிரயோஜனமாகும்படி மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்நாட்களில் தாராவியில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துச் சிறு சபையொன்றை நடத்திவந்தேன். ஏறக்குறைய 60 பேர் கூடுவோம். பெரும்பாலோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பட்டறை முதலாளியான ஒரு சகோதரர் எங்கள் சபைக்குத் தூணைப்போல் இருந்தார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். கீபோர்டும் ஒலிபெருக்கியும் அவர் வாங்கித் தந்தவை. அறை வாடகையில் பாதி அவருடைய காணிக்கை. துதிவேளையில் முதலாவது உயரும் கைகள் அவருடையவை. அவர் கண்ணீர் விட்டால் சபையே கண்ணீர் விடும்.

அவருடைய பட்டறையில் வேலைசெய்த தம்பியும் எங்கள் சபைக்கு வருவான். இரவில் பட்டறைப் பரணிலேயே படுத்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை குளித்து, வெள்ளைச் சட்டை அணிந்து, பின்வரிசையில் வந்து அமருவான்.

2005 ஜூலை 26 மும்பைவாசிகளால் மறக்க முடியாத நாள். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆறு பெருக்கெடுத்தது. தாராவியின் தாழ்வான சந்துகளில் வெள்ளம் புகுந்தது. அண்ணாச்சியின் பட்டறையிலும் தோல்களும் தைத்து வைத்த பைகளும் நனைந்து கெட்டுப்போயின. அவருக்கு உண்டான நஷ்டம் பெரியது. அதை நான் மறுக்கவில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மாலை அந்தத் தம்பி எங்கள் ஒற்றையறை வீட்டிற்கு வந்தான். "ஐயா, வெள்ளத்துக்கு முந்தின ரெண்டு மாசச் சம்பளம் எனக்கு வரணும். ஊர்ல அம்மாவுக்கு ஆபரேஷன். நீங்க அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்" என்றான்.

என் மனக்கண்ணில் முதலாவது வந்தது அவனுடைய தாயார் அல்ல. அடுத்த மாத வாடகை. "தம்பி, ஜெபிப்போம். கர்த்தர் வழி திறப்பார்" என்றேன். அவன் தலையில் கைவைத்து உரத்த சத்தத்தோடு பத்து நிமிடம் ஜெபித்தேன். அவன் ஆமென் சொல்லி எழுந்து போனான். ஜெபம் முடிந்தவுடன் அந்தக் காரியமும் முடிந்ததைப்போல நான் கதவைச் சாத்திக்கொண்டேன். பிரியமானவர்களே, அன்று நான் ஏறெடுத்தது ஜெபமல்ல. ஜெபத்தை ஒரு திரைச்சீலையாக்கி அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அந்த ஞாயிறு ஆராதனை ஒரு மணி நேரத்திற்கும் மேல் நீடித்தது. அந்நியபாஷையின் சத்தம் சந்துவரை கேட்டது. முன்வரிசையில் அண்ணாச்சி இரு கைகளையும் உயர்த்தி அழுதார். மேடையில் நானும் கைகளை உயர்த்தியிருந்தேன். பின்வரிசையில் அந்தத் தம்பி மட்டும் கைதட்டவில்லை, வாய் திறக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் ஒரு சகோதரர் என்னிடம் வந்து, "பாஸ்டர், இன்னைக்கு நல்ல அபிஷேகம். ஆனா அந்தத் தம்பி பின்மாற்றத்துல இருக்கான் போல, துதிக்கவே இல்ல. அவனுக்காக ஜெபிக்கணும்" என்றார். உண்மையை அறிந்திருந்தும் நான் ஆமோதித்துத் தலையசைத்தேன்.

இரவு உணவின்போது என் மனைவி வெகுநேரம் மௌனமாயிருந்தாள். அந்தத் தம்பி பேசியதெல்லாம் அன்று அடுப்பருகில் நின்று கேட்டவள் அவள். கடைசியாக, "இன்னைக்கு நம்ம சபையில ஆண்டவர் முன்னால பொய் சொல்லாதவன் அவன் ஒருத்தன்தாங்க" என்றாள். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த இரவு ஆமோஸின் புத்தகத்தைத் திறந்தேன். கல்லூரியில் அதை நான் பரீட்சைக்காகப் படித்திருந்தேன். தெக்கோவாவின் மேய்ப்பனாகிய ஆமோஸ், இரண்டாம் யெரொபெயாமின் நாட்களில் பெத்தேலுக்கு வந்தபோது அங்கே ஆராதனைக்குக் குறைவில்லை. பலிகள் இருந்தன, பாடல்கள் இருந்தன, பண்டிகைக் கூட்டம் இருந்தது. ஆனால் அந்த ஜனங்களோ, ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைச் சிறிதாக்கி எப்போது தானியம் விற்கலாம் என்று காத்திருந்தார்கள் (ஆமோஸ் 8:5). ஆகவேதான் அவர்களுடைய பாட்டின் ஓசையை அகற்றும்படி தேவன் சொன்னார். அதற்குப் பதிலாக நியாயம் ஆற்றைப்போல் ஓடவேண்டும் என்றார் (ஆமோஸ் 5:23, 24). நிறுத்திவைக்கப்பட்ட கூலிக்கும் ஒரு குரல் உண்டென்றும், அது கர்த்தருடைய காதுகளை எட்டுகிறதென்றும் யாக்கோபு எழுதுகிறார் (யாக்கோபு 5:4). அன்று எங்கள் ஒலிபெருக்கிச் சத்தத்தைக் கடந்து பரலோகத்தை எட்டியது எந்தக் குரல் என்று அப்பொழுது உணர்ந்தேன்.

பின்பு யோவான் 4-ஆம் அதிகாரத்திற்குச் சென்றேன். பிதாவை ஆவியிலும் உண்மையிலும் தொழுதுகொள்ளவேண்டும் என்று ஆண்டவர் சமாரிய ஸ்திரீக்குப் போதித்தார். அதற்கு முன்பாகவே, அவள் புருஷனை அழைத்துவரச் சொல்லி, அவளுடைய ஜீவியத்தின் உண்மையை வெளியே கொண்டுவந்தார். அந்த வரிசையை நான் அதுவரை கவனித்ததில்லை. பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நாம் ஆவியில் என்பதை இறுகப் பற்றிக்கொண்டோம், அது நல்லது. உண்மையில் என்பதை எங்கே விட்டோம்?

திங்கட்கிழமை காலையில் பட்டறைக்குச் சென்றேன். என் கால்கள் நடுங்கியது உண்மை. "சபைக் காரியத்தைப் பேசுங்க பாஸ்டர், தொழில் காரியம் வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. "அண்ணாச்சி, இதுதான் சபைக் காரியம்" என்றேன். அவர் பதில் பேசவில்லை. அன்று மாலை ஒரு மாதச் சம்பளத்தை மட்டும் அவனுக்குக் கொடுத்தார். அதைக் கொண்டு ஊருக்குப் போன தம்பி மும்பைக்குத் திரும்பவில்லை. அண்ணாச்சியும் அதன்பின் சபைக்கு வரவில்லை. வாடகைக்காக என் மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

டிசம்பர் 31 இரவு, புத்தாண்டு ஆராதனைக்கு அண்ணாச்சி வந்தார். பின்வரிசையில் அமர்ந்தார். கைகளை உயர்த்தவில்லை, பாடவுமில்லை. யாவரும் போனபின்பு ஓர் உறையை என்னிடம் தந்து, "அவனோட பாக்கி, பாஸ்டர். ஊர் விலாசம் உங்ககிட்ட இருக்குமே" என்றார். மணியார்டரில் அனுப்பிவைத்தேன். சில நாட்களில் ஒப்புகைச் சீட்டு வந்தது. அதில் அவனுடைய கையெழுத்து இருந்தது. வேறு கடிதம் ஒன்றும் வரவில்லை. அவன் எங்களை மன்னித்தானோ என்று இன்றுவரை அறியேன். அந்தச் சீட்டு என் வேதாகமத்தில் ஆமோஸின் பக்கத்தில் இருக்கிறது.

அன்பானவர்களே, உரத்த துதியை நான் குறைகூறவில்லை. இன்றும் உரத்த சத்தத்தோடுதான் ஆராதிக்கிறேன். இன்று நம் சபைகளில் பெரிய திரைகள் வந்துவிட்டன. ஆராதனை நேரலையாகத் தேசமெங்கும் போகிறது. அதுவும் தவறல்ல. ஆனால் வரும் ஞாயிறு கைகளை உயர்த்துமுன், அந்தக் கைகளில் யாருடைய கூலி இருக்கிறது என்று பாருங்கள். வீட்டு வேலை செய்யும் அம்மாவின் சம்பளம், ஊரிலிருக்கும் சகோதரியின் பங்கு, திருப்பித் தராத கைமாற்று, எதுவாகவும் இருக்கலாம். திங்கட்கிழமை வரை காத்திராமல் சனிக்கிழமையே போய்க் கொடுத்துவிடுங்கள். போதகர்களே, உங்களுடைய பின்வரிசையில் வாய் திறவாமல் இருப்பவனைப் பின்மாற்றக்காரன் என்று எண்ணுமுன், அவனருகே போய் அமர்ந்து கேளுங்கள்.

அப்பொழுது நம்முடைய துதி கர்த்தருக்கு உகந்த வாசனையாயிருக்கும். கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் குடும்பத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.