நடக்கிற தூரம்

செமினியில் வீடு பார்க்கப் போன அன்று அம்மா ஏஜண்டிடம் கேட்டது ஒரே கேள்விதான். "கடை எங்க இருக்கு தம்பி?"

அவர் சமையலறை ஜன்னலைத் திறந்து காட்டினார். "அந்தா தெரியுது பாருங்க ஆண்டி, பக்கத்துலயேதான்." உண்மையாகவே தெரிந்தது. மளிகைக் கடை போர்டு, மாமாக் கடையின் பச்சை விளக்கு எல்லாம். அம்மாவுக்குத் திருப்தி. எனக்கு வாடகையைக் கேட்டதுமே திருப்தி. நாலு ரூம் வைத்த இரட்டை மாடி வீடு, 1,200 வெள்ளி.

குடிவந்த மறுநாள்தான் தெரிந்தது, அந்தக் கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய கால்வாய், அதற்கப்பால் ஒரு சுவர். கடை இருப்பது பக்கத்துத் தாமானில். எங்கள் தாமானுக்கு ஒரே வாசல். அதில் இறங்கி, பெரிய ரோட்டைப் பிடித்து, யூ-டர்ன் அடித்து வந்தால் 2.3 கிலோமீட்டர். ஜன்னலில் நின்று கத்தினால் கடைக்காரருக்குக் கேட்கும்.

அதற்கு முன் செந்தூலில் இருந்தோம். அப்பா போன பிறகு அம்மாவும் நானும் பதினோரு வருடம் ஒரே பிளாட்டில், 1,100 வெள்ளிக்கு. 2022 கடைசியில் வீட்டுக்காரர் பிளாட்டை விற்றுவிட்டார். இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, பாவம், அவர் மகனுக்குப் படிப்புச் செலவு. ஆனால் பதினோரு வருடம் ஒழுங்காக வாடகை கட்டியதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாடகைக்கு இருப்பவர்களுக்கென்று தனிச்சட்டம் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

செந்தூலிலேயே வேறு வீடு தேடினேன். கொஞ்சம் நல்லதாக இருந்தவை 1,800-இல் ஆரம்பித்தன. போன் போட்டால் விலைக்கு முன்னால் இன்னொரு கேள்வி வரும். "இந்தியன் கே?" ஆமாம் என்றால், "மாஃப் யா, ஓனர் தக் நாக் இந்தியா." சிலர் விளம்பரத்திலேயே எழுதிவிடுகிறார்கள், நேரம் மிச்சம். ஏழாவது போனுக்குப் பிறகு வாடகை, பேட்டை எதுவும் முக்கியமில்லை, யார் சாவி கொடுக்கிறார்களோ அவர்கள் வீடு என்ற நிலைக்கு வந்துவிட்டேன். செமினி வீட்டுக்காரர் பேரைக்கூட முழுசாகக் கேட்கவில்லை. இரண்டு மாத டெபாசிட், கரண்டுக்கும் தண்ணிக்கும் அரை மாதம், முன்பணம் ஒரு மாதம். 4,200 வெள்ளி கட்டிவிட்டு, அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இனி கணக்கு. வீடு தேடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்தப் பத்தியை மட்டுமாவது கவனியுங்கள். செந்தூலில் எனக்குக் கார் இல்லை. மாதம் 50 வெள்ளிக்கு ஒரு பாஸ், அதில் ரயில், பஸ் எல்லாம் அடக்கம். எப்போதாவது கிராப், அது இன்னொரு ஐம்பது. செமினியில் ரயில் கிடையாது. காஜாங் போனால்தான் எம்.ஆர்.டி. அங்கே போக பஸ் உண்டு என்றார்கள், உண்டுதான், ஆனால் அதை நம்பி எட்டரை மணி வேலைக்குப் போக முடியாது. மூன்றாவது வாரம் பழைய மைவி ஒன்றுக்கு லோன் போட்டேன். ஒன்பது வருடம் இழுக்கும் லோன், மாதம் 480. அப்போது லிட்டர் 2.05-க்கு விற்ற பெட்ரோலுக்கு ஏறக்குறைய 150. ஸ்டேஷன் பார்க்கிங் நிறைந்துவிடுவதால் பக்கத்துக் காலிமனையில் காரை விட 90. ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் 150. அந்த 50 வெள்ளி பாஸ் இப்போதும் வேண்டும். அம்மாவின் கிராப் 120. மொத்தம் 1,040. வாடகையோடு 2,240. செந்தூலில் 1,800 கொடுத்து, மேலே ஒரு நூறு செலவழித்திருந்தால் 1,900-தான்.

இந்தக் கணக்கை ஏன் முதலிலேயே போடவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. வாடகை மட்டும் ஒரே எண்ணாகக் கண் முன்னால் நிற்கிறது. மற்றதெல்லாம் டோல் கழிக்கிற மாதிரி சில்லறை சில்லறையாகப் போகிறது.

ஆனால் என் கணக்கில் அம்மா ஒரு வரிதான், கிராப் 120 என்று. அதுதான் என்னை உறுத்துகிறது.

செந்தூலில் அம்மா காலையில் நாசி லெமாக் கட்டி, கீழே ஒட்டுக்கடையில் கொடுப்பார். நாற்பது பொட்டலம். பத்து மணிக்குப் பசார், வரும் வழியில் கோவில், சாயந்திரம் பக்கத்து பிளாக் பிள்ளைகள் இரண்டு பேரைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவது. எல்லாம் நடந்துதான். மாதம் ஐந்நூறு அறுநூறு வெள்ளி அவர் கையில் புழங்கும். எனக்கே கடன் கொடுத்திருக்கிறார். செமினியில் யாருக்குப் பொட்டலம் கட்டுவது? காலை ஆறரைக்குள் தாமானே காலியாகிவிடும். எல்லா வீட்டு கேட்டும் ஒரே நேரத்தில் திறக்கும், மூடும். அப்புறம் சாயந்திரம்வரை ஒரு நாய்கூட நடக்காது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், வீடு நல்ல வீடு. காற்று வரும். பின்னால் மிச்சமிருக்கும் செம்பனை மரங்களிலிருந்து இரவில் ஆந்தைச் சத்தம் கேட்கும். தாமான் நிற்பதே பழைய தோட்டத்து நிலத்தில்தான். அம்மா தோட்டத்தில் பிறந்தவர். ஒருநாள் அந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே, "லயத்துலகூட நாங்க கடைக்கு நடந்துதான் போனோம்" என்றார். புகார் மாதிரியே இல்லை, ஏதோ ஞாபகம் வந்தது போல. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. ஒரு மலாய்க்கார அக்கா. உங்கள் அம்மா என் காரில் இருக்கிறார், பயப்படாதீர்கள் என்றார். அம்மா இனிப்புநீர் மருந்து வாங்க அரசு கிளினிக்குக்கு நடந்து கிளம்பியிருக்கிறார். நடைபாதை இல்லாத ரோடு. மண் லோரிகள் போகிற ஓரத்தில், கால்வாய்க்கும் தாருக்கும் நடுவிலிருந்த புல்லில் நடந்திருக்கிறார். செருப்பு வார் அறுந்து, ஒரு கால் வெறுங்காலோடு நின்றவரைப் பார்த்து அந்த அக்கா காரை நிறுத்தியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "கிராப் போட வேண்டியதுதானமா? எனக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தா நான் போட்டிருப்பேன்ல?"

"கிளினிக்ல ஒரு வெள்ளிதான் வாங்குறான் பாப்பா. அதுக்குப் போக வர இருபது வெள்ளியா?" காலை பேசினில் ஊறப்போட்டபடி சொன்னார். "அதுவும் ஓங் காசு."

கடைசி மூன்று சொற்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆறு மாதத்துக்கு முன்புவரை அம்மா அப்படிப் பேசியதே இல்லை.

இரண்டு வருட ஒப்பந்தம் முடியப் போனபோது வீட்டுக்காரர் நூறு வெள்ளி ஏற்றிக் கேட்டார். நியாயமான ஏற்றம்தான். நான் புதுப்பிக்கவில்லை. மறுபடி போன், மறுபடி "இந்தியன் கே?" இந்தத் தடவை நானும் ஒரு கேள்வி வைத்திருந்தேன். வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் என்னென்ன இருக்கிறது? ஓர் ஏஜண்ட் சிரித்தார். "கார் இருக்குதானே உங்ககிட்ட?"

போன மாதம் காஜாங்கில் ஒரு பழைய பிளாட் பார்த்தோம். நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை, 1,050 வெள்ளி. ஏஜண்ட் குழாயைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவைக் காணோம். படிக்கட்டில் இல்லை, கீழே எட்டிப் பார்த்தால் அங்கேயும் இல்லை. ஏஜண்ட் கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிடம் கழித்து மூச்சு வாங்க ஏறி வந்தார், கையில் ஒரு கட்டு பாயம் கீரை.

"கடைக்கு ஏழு நிமிஷம்," என்றார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். "படிதான் கொஞ்சம் ஜாஸ்தி."

இன்னும் முடிவு சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.