பிறந்த ஊருக்கு ஒரு சுற்றுலா விசா

மாமல்லபுரத்தில் கலங்கரை விளக்கம் இருக்கும் குன்றின் மேல் ஏறி நின்றால் கடல் நன்றாகத் தெரியும். எல்லோரும் கடற்கரைக் கோயில் பக்கம் பார்த்து செல்ஃபி எடுப்பார்கள். அம்மா மட்டும் தெற்கே பார்ப்பார். "அந்தப் பக்கந்தானே தம்பி சிலோன்?" என்று கேட்பார். எத்தனை முறை வந்தாலும் அதே கேள்விதான்.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் அம்மாவின் கை சரியான திசையைத்தான் காட்டியிருக்கிறது என்று தெரிந்தது. மாமல்லபுரத்திலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு கிழித்தால், வழியில் கடலைத் தவிர எதுவும் இல்லை. சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைப் பக்கம்தான் கரை வருகிறது. செங்கல்பட்டிலிருந்து திருச்சி போகிற தூரத்தை விடக் கொஞ்சம்தான் அதிகம். ஆனால், அந்தத் தூரத்தைத் திரும்பக் கடக்க அம்மாவுக்கு 50 வருடம் ஆனது.

அம்மா பிறந்தது இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் டிக்கோயா பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1974-ல், 12 வயதில், தாத்தா, பாட்டியோடு இந்தியா வந்தவர். கூடப் பிறந்த அக்காவுக்கு அப்போதே கல்யாணம் ஆகிவிட்டதால் அவர் அங்கேயே தங்கிவிட்டார். என் பெரியம்மா. அக்காவும் தங்கையும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது ஹட்டன் ரயில் நிலையத்தில்.

சில வருடங்களாக வாட்ஸ்அப் வீடியோவில் பேசிக்கொள்கிறார்கள். பெரியம்மாவுக்குக் கண் மங்கத் தொடங்கியது. "முகம் சரியாத் தெரியல தங்கச்சி, கிட்ட வா" என்று அவர் சொல்ல, அம்மா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். அன்று இரவுதான் முடிவு செய்தேன். அம்மாவை எப்படியாவது கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்.

மல்லைத் துறையும் போட் மெயிலும்

இந்தக் கரைக்கும் அந்தத் தீவுக்கும் போக்குவரத்து நேற்றோ இன்றோ தொடங்கியதல்ல. ஏழாம் நூற்றாண்டில் ஆட்சியை இழந்த இலங்கை இளவரசன் மானவர்மன், காஞ்சிபுரம் வந்து நரசிம்மவர்ம பல்லவனிடம் அடைக்கலம் கேட்டான். சாளுக்கியப் போரில் பல்லவனுக்காகச் சண்டை போட்டான். பதிலுக்குப் பல்லவர் கப்பற்படை அவனுக்காகக் கடல் தாண்டியது. அந்தப் படை புறப்பட்ட துறை மாமல்லபுரம்தான் என்பார்கள் வரலாற்று ஆசிரியர்கள். முதல் முறை காரியம் நிலைக்கவில்லை. திரும்ப வந்து, மறுபடியும் பல்லவர் உதவியோடு போய்த்தான் அரியணை ஏறினான். இலங்கையின் சூளவம்சம் இந்தக் கதையைச் சொல்கிறது.

மல்லையிலிருந்து கல்பாக்கம் பக்கம் போனால் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை நிற்கிறது. அதே டச்சுக்காரர்கள்தான் அப்போது இலங்கைக் கரையோரத்தையும் ஆண்டார்கள்.

ரயில் வந்த பிறகு செங்கல்பட்டுக்கும் இதில் பங்கு கிடைத்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும், எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு வழியாக தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு மறுபடி ரயில். அதுதான் போட் மெயில். தோட்டத் தொழிலாளர்கள் மட்டும் மண்டபத்தில் இறங்கி, இலங்கை அரசு நடத்திய முகாமில் தங்கி, மருத்துவச் சோதனை முடித்துப் போக வேண்டும். எங்கள் கொள்ளுத்தாத்தா போனது அப்படித்தான்.

1948-ல் இலங்கைக்குச் சுதந்திரம் வந்தது. அதே வருடம் வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் இல்லை என்றானார்கள். 1949 நவம்பர் 1-ம் தேதி குடிவரவு–குடியகல்வுத் திணைக்களம் தொடங்கியது. அதுவரை ஆற்றைக் கடப்பதுபோலக் கடந்த கடலுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வந்தன. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று முடிவானது. தாத்தா இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். பெரியப்பா குடும்பம் இலங்கைக்கு விண்ணப்பித்தது. ஒரே குடும்பம் இரண்டு நாடானது.

ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹட்டனிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு அங்கே 'அழுகைக் கோச்சி' என்று பெயராம். கோச்சி என்றால் ரயில். தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல். ராமேஸ்வரத்தில் இறங்கினால் மண்டபம் முகாம். அங்கிருந்து தாத்தாவுக்கு வியாபாரக் கடன் கிடைத்து, செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை போட்டார். கொழுந்து பறித்த குடும்பம், டீ ஆற்றிப் பிழைத்தது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ராமேஸ்வரம் வண்டி செங்கல்பட்டைத் தாண்டும்போது தாத்தா கடையை விட்டு வெளியே வந்து நிற்பாராம். அந்த வண்டியைச் செங்கல்பட்டில் இன்றும் பலர் போட் மெயில் என்றுதான் சொல்கிறார்கள்.

தகரப்பெட்டியில் இருந்த பாஸ்போர்ட்

போகலாம் என்று சொன்னதும் அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பயந்தார். "பிறந்தது சிலோன்னு எழுதிக் கொடுத்தா, இருக்கிற ரேஷன் கார்டையும் வாங்கிட்டுப் போயிடப் போறாங்கப்பா" என்றார். ஒருமுறை காகிதத்தால் நாடு மாறியவர்களுக்கு எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் பயம்தான்.

பாஸ்போர்ட் எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒரு தரகர், "பிறந்த இடம் செங்கல்பட்டுன்னு போட்டுடுங்க, வேலை சுலபமா முடியும்" என்றார். நான் தடுமாறியது உண்மை. ஆனால், பாஸ்போர்ட்டில் தவறான தகவல் கொடுப்பது 1967 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். அதை விட முக்கியமாக, பிறந்த ஊரைப் பார்க்கப் போகிறவர் பிறந்த ஊரையே மறைப்பதா? அம்மாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தாத்தாவின் தகரப்பெட்டியைத் திறந்தோம். கண்டியில் இருந்த இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த பாஸ்போர்ட் அதில் இருந்தது. அப்போதெல்லாம் பிள்ளைகள் பெயரைப் பெற்றோர் பாஸ்போர்ட்டிலேயே சேர்த்துவிடுவார்கள். அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் அதில் இருந்தன. மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையும் இருந்தது.

தாம்பரம் பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு ஆதார், வாக்காளர் அட்டையோடு அந்தப் பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போனோம். 60 வயது தாண்டியவர்கள் புதிதாக பாஸ்போர்ட் எடுத்தால் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி. 1,500 ரூபாய்க்கு 1,350. கடைசி கவுன்ட்டரில் இருந்த அதிகாரி கண்டி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "பத்திரமா வெச்சிருக்கீங்களேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் திருப்பிக் கொடுத்தார். போலீஸ் விசாரணை முடிந்து பாஸ்போர்ட் தபாலில் வந்தது. பிறந்த இடம்: ஹட்டன், இலங்கை. அதை அம்மா விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

மூன்று எழுத்து அனுமதி

இலங்கைக்குச் சுற்றுலா போகிறவர்கள் வாங்க வேண்டியது இ.டி.ஏ. என்கிற மின்னணுப் பயண அனுமதி. 2012-ல் வந்த முறை. தூதரக வாசலில் நிற்க வேண்டியதில்லை. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 30 நாள் தங்கலாம், அதற்குள் இரண்டு முறை நுழையலாம்.

அம்மாவுக்காக நான் நிரப்பினேன். 'பிறந்த நாடு' என்ற இடத்தில் இலங்கை. 'குடியுரிமை' என்ற இடத்தில் இந்தியா. பயண நோக்கத்தில் ஊர் சுற்றிப் பார்க்க, சிகிச்சைக்கு என்று பல வகை இருந்தது. அதில் ஒன்று, நண்பர்கள், உறவினர்களைப் பார்க்க. "அதுக்கும் ஒரு எடம் வெச்சிருக்கானா?" என்று அம்மா ஆச்சரியப்பட்டார். அனுமதி மின்னஞ்சலில் வந்துவிட்டது. இத்தனை வருடம் பயந்தது இதற்குத்தானா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

தை மாதம் ஒரு விடியற்காலை செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி திரிசூலத்தில் இறங்கினோம். ரோட்டைத் தாண்டினால் விமான நிலையம். விமானம் மேலே ஏறிக் காபி கொடுத்து முடிப்பதற்குள் கொழும்பு வந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. போகும்போது இரண்டு நாள் அழுதுகொண்டே வந்த வழி.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "முதல் தடவையா வாரீங்க?" என்று தமிழில் கேட்டார். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. "பொறந்தது இங்கதாங்க" என்றார். அவர் ஒரு நிமிடம் நிறுத்தி, "அப்ப சந்தோஷமாப் போயிட்டு வாங்க" என்று முத்திரையைக் குத்தினார். 30 நாள்.

கார் பிடிக்கலாம் என்றேன். அம்மா கோச்சியில்தான் போக வேண்டும் என்றார். கொழும்பு கோட்டையிலிருந்து ரயில் ஏறினோம். நாவலப்பிட்டி தாண்டி மலை ஏற ஏற, அம்மா ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் போர்டு வருவதற்கு முன்பே சொன்னார். ஹட்டன் மட்டும் சொல்லவில்லை.

பிளாட்பாரத்தில் பெரியம்மா பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அம்மா இறங்கியதும் அவர் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "வயசாயிருச்சேடி உனக்கு" என்றார். இரண்டு பேரும் அழுதார்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். உண்மையில் சிரித்தார்கள். அழுதது நான்.

லயத்துக் காம்பராவில் 12 நாள் இருந்தோம். தாத்தா பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போன பிரட்டுக்களத்தை அம்மா காட்டினார். கிளம்பும்போது பெரியம்மா, "இன்னும் 18 நாள் விசா இருக்குல்ல?" என்றார். விசா இருந்தது, எனக்கு லீவு இல்லை. "ரெண்டு தடவை வரலாம்னு போட்டிருக்கு, பெரியம்மா" என்றேன். ஊர் வந்து சேர்ந்த மறுநாளே அம்மா கேட்டார்: "அந்த ரெண்டாவது தடவை எப்ப தம்பி?"

இலங்கை கிளம்புகிறீர்களா? கவனிக்க வேண்டியவை

* இலங்கை போய் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். இதை முதலில் பாருங்கள். நேபாளம், பூட்டானுக்குப் போவதுபோல இதை நினைக்காதீர்கள். அதற்கு வேறு விதி. இலங்கைக்கு பாஸ்போர்ட் கட்டாயம்.

* 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிந்தைய பிறப்புகளுக்குத்தான் பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம். அதற்கு முன் பிறந்தவர்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான், வாக்காளர் அட்டை போன்றவற்றைக் காட்டலாம். பத்தாவது படிக்காத பெரியவர்கள் கவலைப்பட வேண்டாம். 50 வயது தாண்டியவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி முத்திரை தேவையில்லை.

* இ.டி.ஏ. கட்டண விதி அடிக்கடி மாறுகிறது. 2023 கடைசியில் இந்தியர்களுக்கு இலவசம் என்றார்கள். 2024 ஏப்ரலில் முறையே மாறியது. பின்னர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு பழைய முறை திரும்பியது. போன வருடம் போய் வந்தவர் சொல்வதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். அந்த வாரத்து விதியைத் திணைக்களத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் பாருங்கள்.

* தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள். கூடுதல் பணம் பிடுங்குவார்கள். முகவரி இலங்கை அரசின் தளம்தானா என்று பார்த்துவிட்டு அட்டை எண்ணைக் கொடுங்கள்.

* பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். இன்ஷியலை விரித்து எழுதியிருந்தால் அப்படியே எழுதுங்கள்.

* திரும்பி வரும் டிக்கெட், தங்கும் முகவரி, இ.டி.ஏ. நகல் ஆகியவற்றைக் காகிதத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களை அனுப்பினால் உறவினர் போன் எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

* சுற்றுலா அனுமதியில் வேலை பார்க்கக் கூடாது. கூடுதல் நாள் தங்க வேண்டுமானால் 30 நாள் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

* புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள். அங்கே அது பெரிய குற்றமாகப் பார்க்கப்படும்.

* யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு சென்னையிலிருந்து பலாலிக்கு நேரடி விமானம் உண்டு. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்தது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிறுத்துவார்கள். கப்பலில் போனாலும் பாஸ்போர்ட், இ.டி.ஏ. விதிகள் மாறாது.

* மலையக ரயிலில் முன்பதிவு இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதி முடிவானதும் முதல் வேலையாக அதைப் பாருங்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு தகரப்பெட்டி இருந்தால், அதில் பழைய காகிதம் ஏதாவது இருந்தால், குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒருநாள் திறந்து பாருங்கள். யாரோ ஒருவருக்கு ஊருக்குப் போகும் வழி அதில் இருக்கலாம்.