முப்பத்தைந்து வயதில் ஜிமேட்

"சார், எவ்வளவு ஸ்கோர் எடுத்தா சீட் கிடைக்கும்?" வேலை பார்த்துக்கொண்டே எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான ஜிமேட் எழுத வருகிறவர்களுக்கு வார இறுதிகளில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வகுப்பிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். பலரும் பழைய 700 என்ற எண்ணை மனதில் வைத்திருப்பார்கள். 2023 நவம்பரில் வந்த புதிய தேர்வில் அளவுகோலே வேறு; பழைய 700-க்கு இப்போது ஏறக்குறைய 645 சமம்.

கல்லூரி முடித்த கையோடு வருகிறவரை எடைபோட ஸ்கோரும் மார்க்கும்தான் உண்டு. பத்து, பன்னிரண்டு வருடம் உழைத்தவர் கதை வேறு. அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் ஓராண்டுப் படிப்பான பிஜிபிஎக்ஸுக்குக் குறைந்தது 4 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் இதேபோன்ற படிப்பான இபிஜிபிக்கு 5 ஆண்டு. புத்தகத்தைத் தொட்டு வெகுகாலமான இவர் முதல் டெர்மின் புள்ளியியலுக்கு ஈடுகொடுப்பாரா என்ற சந்தேகத்தைத் தீர்ப்பதுதான் அங்கே ஸ்கோரின் முக்கிய வேலை. அது தீர்ந்தால், பார்த்த வேலையைப் பற்றித்தான் பேச்சு.

புதிய தேர்வு மூத்தவர்களுக்குச் சாதகம் என்பது என் கணிப்பு. வடிவியல் போய்விட்டது, இலக்கணத் திருத்தமும் போய்விட்டது. டேட்டா இன்சைட்ஸ் என்ற பகுதியில் ஒருவகைக் கேள்வி வரும்: விடை தேவையில்லை, விடை காணத் தகவல் போதுமா என்று மட்டும் சொன்னால் போதும். ஒரு பேனாவின் விலை என்ன? முதல் தகவல்: மூன்று பேனாவும் இரண்டு நோட்டும் 80 ரூபாய். இரண்டாவது: ஆறு பேனாவும் நான்கு நோட்டும் 160 ரூபாய். இளைஞர்கள் பலர், இரண்டு சமன்பாடு இருக்கிறது, போதும் என்று குறித்துவிடுவார்கள். கொள்முதல் பிரிவில் இருக்கும் ஒருவர் பேனாவையே எடுக்கவில்லை. "ஒரே பில்லை ரெண்டு தடவை காட்டுறாங்க சார்" என்றார். அந்தக் கண் எந்தக் கோச்சிங்கிலும் கிடைக்காது.

ஆனால் அவரே குவாண்ட் என்ற கணக்குப் பகுதியில் திணறினார். 45 நிமிடத்தில் 21 கேள்வி. ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். வராத கணக்கை ஆறு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தார். எடுத்த வேலையை முடிக்காமல் விடாதவர் என்று ஆபீசில் பெயர் எடுத்தவர். இங்கே அந்தக் குணமே எதிரி. ஒரு பகுதியின் முடிவில், நேரம் மிச்சமிருந்தால், மூன்று விடைகள் வரை மாற்றலாம். ஆகவே ஊகித்துக் குறி, அடையாளமிடு, நகர். சூத்திரங்களைவிட இந்தப் பழக்கத்துக்குத்தான் என் வகுப்பில் நேரம் அதிகம் போகிறது.

எனக்கு மனசு கேட்காத இடம் ஒன்று உண்டு. போதுமான ஸ்கோர் வந்த பிறகும், இன்னும் இருபது கூட்டலாமே என்று மறுபடி தேர்வுக்குப் பணம் கட்டுகிறார்கள். விண்ணப்பக் கட்டுரையிலோ "ஒரு குழுவை வழிநடத்தினேன்" என்று ஒற்றை வரி. எத்தனை பேர், என்ன சிக்கல், யார் எதிர்த்தார்கள், என்ன மாறியது என்று கேட்டால் அரைமணி நேரம் சுவையாகச் சொல்கிறார்கள். அதில் ஒரு சொல்கூடத் தாளில் இல்லை. அந்த இருபதுக்குச் செலவாகும் இரண்டு மாதத்தைக் கட்டுரைக்குக் கொடுங்கள்.

எம்.பி.ஏ.வுக்கான இன்னொரு நுழைவுத் தேர்வான கேட்டின் ஸ்கோர் அந்த ஆண்டுச் சேர்க்கைக்குத்தான் உதவும். ஜிமேட் ஸ்கோர் 5 ஆண்டு செல்லும். எந்தக் கல்லூரி என்று முடிவாகாவிட்டாலும் பரவாயில்லை; வேலைப்பளு குறைந்த மாதம் ஒன்று வாய்த்தால், முதலில் தேர்வை எழுதிவிடுங்கள்.