ஜூம் லென்ஸ்

எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு ஷாப்பிலும் ஒரு நியர் மிஸ் நோட்டு தொங்கும். அடிபட்டதை எழுத அல்ல. அடிபட இருந்து தப்பியதை எழுத. கிரேன் சங்கிலி நழுவியது, ஆள் ஓரடி தள்ளி நின்றதால் பிழைத்தார். தரையில் ஆயில், கால் வழுக்கியது, விழவில்லை. இப்படி எதுவானாலும் எழுதலாம். எழுதியவரைத் திட்டக் கூடாது, பெயரை வெளியே விடக் கூடாது என்பது விதி. இன்று தப்பியதை மறைத்தால் நாளை அதே இடத்தில் ஒரு கை போகும் என்று புதிதாகச் சேரும் பையன்களுக்கு வகுப்பெடுக்கிறவன் நான். காக்களூர் சிட்கோவில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அலுவலர். வீடு திருப்பாச்சூர்.

அந்த நோட்டில் நான் எழுதாமல் விட்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன். நோட்டில் எழுதினால் அதைப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டியவனும் நான்தான். அதனால் அங்கே எழுதுவதில் அர்த்தமில்லை.

சில வருடங்களுக்கு முன் சேஃப்டியோடு சுற்றுச்சூழலையும் சேர்த்து என் தலையில் கட்டினார்கள். கூடுதல் சம்பளம் கிடையாது, கூடுதல் பேனர் உண்டு. வருடா வருடம் ஸ்டாஃப் டூர் என்றால் டீலக்ஸ் பஸ், டிவியில் படம், வழியெல்லாம் சிப்ஸ் பாக்கெட். அதை மாற்றிக் காட்டுகிறேன் என்று நானே போய்ச் சொன்னேன். பசுமைச் சுற்றுலா. ஒரே நாள். பஸ் கிடையாது, மின்சார ரயில். தண்ணீர் பாட்டில் கிடையாது, வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர். ஊர்: பழவேற்காடு.

ஊரைத் தேர்ந்ததில் இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை. ஆம்ஸ்டர்டாம் கால்வாயைப் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். அந்த நாட்டுக்காரர்கள் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கே வந்து கோட்டை கட்டி நானூறு வருடம் தாண்டிவிட்டது. 1613இல் எழுந்த அந்தக் கோட்டைக்கு கெல்ட்ரியா என்று பெயர். சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதுதான் தலைமையிடம்; 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை எல்லா உத்தரவும் இங்கிருந்துதான் போனது. நம் நெசவாளர் நெய்த துணி இங்கே கப்பலேறி ஜாவாவுக்கும் அதற்கப்பால் மசாலாத் தீவுகளுக்கும் போகும். அங்கே துணி கொடுத்தால்தான் கிராம்பும் ஜாதிக்காயும் கிடைக்கும். ஐரோப்பாவுக்குப் போன மசாலாவுக்கு ஒரு வகையில் நம் தறிதான் விலை கொடுத்தது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இப்போது கோட்டை இருந்த இடத்தில் அகழியின் தடமும் மண்மேடும் முள்ளுப் புதரும்தான்.

திருவள்ளூரில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து, பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ். வேன் வைத்தால் பெரியபாளையம் வழியாக நேராகப் போய்விடலாம். நான் எல்லாரையும் சென்னைவரை இழுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்தேன். பேசின் பிரிட்ஜ் படிக்கட்டில் கைக்குழந்தையோடு ஏறிய ஒருவர், "பசுமைன்னா கால்வலின்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம் சார்" என்றார். சிரித்துக்கொண்டேன். உள்ளுக்குள் பெருமை பொங்கியது. அந்தப் பெருமையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். டீசல் மிச்சமானதில் வந்த சந்தோஷம் இல்லை அது. மற்றவர்கள் முணுமுணுக்க நான் மட்டும் சரியானதைச் செய்கிறேன் என்கிற இனிப்பு.

டச்சுக் கல்லறைத் தோட்டம் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. மொத்தம் 76 கல்லறைகள். நுழைவாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள்; ஒன்றின் கையில் மணல் கடிகாரம். குழந்தைகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, அதன் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிப் படம் எடுத்தார்கள். உள்ளே படுத்திருக்கும் கற்களில் எழுத்து அவ்வளவு கூர்மையாக இருக்கிறது, விரலால் தடவிப் பார்த்தால் ஓரம் உறைக்கும். குடும்பச் சின்னம், கப்பல், மாலை. நான் முதல்நாள் இரவு படித்ததையெல்லாம் கொட்டினேன். துணி, மசாலா, வெடிமருந்து ஆலை. அதோடு ஒரு வரியாக, "அடிமை வியாபாரமும் நடந்தது" என்றும் சொல்லிவைத்தேன்.

எங்கள் ஷாப்பில் கான்ட்ராக்டில் இருக்கும் ஒடிசாப் பையன் ஒருவன் வந்திருந்தான். டூர் லிஸ்டில் பெர்மனென்ட் ஆட்கள்தான். இரண்டு பேர் வராததால் அவனைச் சேர்த்தோம். தமிழ் நன்றாகவே பேசுவான். "யாரை சார் வித்தாங்க?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியும். பஞ்சம் வந்த வருடங்களில்தான் அந்த வியாபாரம் பெருத்தது. சோற்றுக்கு வழியில்லாத குடும்பங்கள் பிள்ளைகளை விற்றன, தரகர்கள் வாங்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள், கப்பல் ஜாவாவிலிருந்த பத்தேவியாவுக்குப் போனது. 17ஆம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். வங்காளம், அரக்கான் பக்கமிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. இதைச் சொல்லியிருக்கலாம். கம்பெனி டூரில், எச்.ஆர். ஆள் பக்கத்தில் நிற்கும்போது, ஊர்விட்டு ஊர் தரகர் மூலம் வந்த ஒரு பையனிடம் தரகரைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. "எல்லா ஊரு ஆளுங்களும்தான்பா" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு நேரமாச்சு என்று கைதட்டினேன்.

பனையோலைக் கூடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கே முஸ்லிம் பெண்கள் ஓலையில் கூடையும் டப்பாவும் பின்னுகிறார்கள். மூடி அப்படியே வந்து உட்காரும், அவ்வளவு கணக்கு. பிளாஸ்டிக் பரிசுக்குப் பதில் எல்லாருக்கும் ஓலை டப்பா என்று திட்டம். மொத்தமாக எடுக்கிறோமே என்று அடித்துப் பேசி விலையைக் குறைத்தேன். அந்தம்மா, "சரி, புள்ளைங்களுக்குத்தானே" என்று கட்டிக்கொடுத்தார். மிச்சம் பிடித்த பணத்தில் அந்த மாதமே ஃப்ளெக்ஸ் பேனர் அடித்தோம். 'இயற்கையைக் காப்போம்' என்று.

இனி படகு.

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து நாட்டில் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தெற்கு முனை நம்முடையது. ஆழம் அதிகம் இல்லை, பல இடங்களில் மார்பளவுகூட வராது. அதனால்தான் குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. காலால் சேற்றைக் கிளறி, அலகைத் தலைகீழாகப் போட்டு, தண்ணீரை வடிகட்டித் தின்னும் பறவை அது. நாள் முழுக்கத் தின்றால்தான் உடம்பு தேறும், திரும்பிப் பறக்கத் தெம்பு வரும். கிட்டே போனால் தின்பதை விட்டுவிட்டு எழும்பும். ஒவ்வொரு முறை எழும்புவதும் அதற்குச் செலவு. இந்த விளக்கத்தை மின்சார ரயிலில் வரும்போதே மைக் இல்லாமல் கத்திக் கத்திச் சொன்னவன் நான்.

2011 கிறிஸ்துமஸ் அன்று இதே பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து சுற்றுலா வந்த 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை போட்டார்கள். அந்தச் செய்தியை நான் படித்தவன் மட்டுமில்லை, வகுப்பில் பாடமாக எடுத்தவன். ஏற்றும் எடை, ஆட்கள் ஒரே பக்கம் சாய்வது, லைஃப் ஜாக்கெட் என்று தலைப்புப் போட்டு ஸ்லைடு வைத்திருக்கிறேன்.

சாப்பிட்டு முடித்துக் கரையோரம் நின்றபோது ஒரு மீனவத் தம்பி வந்தான். "சார், பறவை காட்டட்டுமா? கும்பலா வேணாம், கொஞ்சம் பேரா வாங்க." யாரும் கேட்கவில்லை. குழந்தைகள் அடம்பிடித்தார்கள் என்று எழுதத்தான் கை போகிறது, அது பொய். குழந்தைகள் நண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்த பறவைகளைக் கழுத்தில் தொங்கிய கேமராவில் பிடிக்க முடியாமல் தவித்தவன் நான். "வாங்க, ஒரு ரவுண்டு" என்று கூப்பிட்டவனும் நான்.

ஃபைபர் படகு. ஒன்பது பேர், அதில் இரண்டு குழந்தைகள். லைஃப் ஜாக்கெட் ஒன்றுகூட இல்லை. ஏறும்போதே அதைப் பார்த்தேன். இது என் தொழில், பார்க்காமல் இருக்க முடியாது. தண்ணீர் இடுப்பளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கொஞ்ச தூரத்திலேயே தம்பி இன்ஜினை நிறுத்திவிட்டான். "இங்கேர்ந்தே பாருங்க சார், கிட்டப் போனா எந்திரிச்சிடும்." அவன் சொன்னது சரி. அந்தத் தூரமே போதும். நான், "இன்னும் கொஞ்சம் போப்பா" என்றேன். அவன் தயங்கினான். கூட நூறு ரூபாய் தருவதாகச் சொன்னேன். இன்ஜினைப் போட்டான்.

எழும்பின. உட்கார்ந்திருக்கும்போது அழுக்கு வெள்ளையாகத் தெரிந்த கூட்டம், சிறகை விரித்ததும் உள்ளே ஒளித்துவைத்திருந்த சிவப்பும் கறுப்பும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டது. தண்ணீரின்மேல் ஓடி ஓடித்தான் அது எழும்பும்; ஆயிரம் பாதம் தண்ணீரை அறையும் சத்தம். அப்படி ஒரு காட்சியை நான் பார்த்ததில்லை. இதில் பொய் சொல்ல முடியாது, அழகாகத்தான் இருந்தது.

எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நின்றோம். நானும்தான். படகு சாய்ந்தது. விளிம்புக்குமேல் தண்ணீர் புரண்டு உள்ளே வந்தது. சக ஊழியரின் மகள், ஆறு ஏழு வயதிருக்கும், வழுக்கி விளிம்பில் போய் இடித்தாள். தம்பி துடுப்பைப் போட்டுவிட்டு அவள் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்தான். "உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க!" என்று போட்ட சத்தத்தில் ஒரு கெட்ட வார்த்தையும் இருந்தது, அது எனக்குத்தான். படகு நிமிர்ந்தது. ஒரு செருப்பு மட்டும் போனது. நான் அந்த நேரம் என்ன செய்தேன் என்றால், கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தேன், நனையாமல்.

கரைக்கு வந்ததும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் குழந்தையின் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். மேலதிகாரியைத் திட்ட முடியாத பார்வை.

படம் பிரமாதமாக வந்திருந்தது. பெரிதாகப் போட்டு கேன்டீன் வாசலில் மாட்டினார்கள். கீழே, 'நமது பசுமைச் சுற்றுலா: ஒரு பாட்டில் குப்பைகூட இல்லை' என்று வாசகம். அது உண்மைதான், எங்கள் பையிலிருந்து ஒரு பாட்டில்கூட அங்கே விழவில்லை. பிளான்ட் ஹெட் படத்தின் முன்னால் நின்று, "எப்படிங்க இவ்வளவு கிட்ட எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"ஜூம் லென்ஸ் சார்."

யோசிக்கவே இல்லை, அப்படியே வந்துவிட்டது. பக்கத்தில் கேன்டீன் வரிசை நின்றுகொண்டிருந்தது. அதன்பிறகு யார் கேட்டாலும் அதே பதில். என் கேமராவுக்கு அப்படி ஒரு லென்ஸே கிடையாது.

அடுத்த மாதம் மெஷின் ஷாப் பையன்கள் சிலர் பைக்கில் பழவேற்காடு போய்ப் படகேறி, பறவையைத் துரத்திப் படம் எடுத்து வந்து காட்டினார்கள். தடை இருக்கிறதே என்று கண்டித்தேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் உதட்டோரம் சிரித்தான். ஏன் சிரித்தான் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

இந்த வருடம் மறுபடி டூர் பேச்சு வந்தது. கமிட்டியில், பழவேற்காடே போகலாம், போட்டிங்கும் சேர்க்கலாம் என்று எச்.ஆரிலிருந்து சொன்னார்கள். நான் கூடாது என்றேன். ஊருக்கும் கடற்கரைக் குப்பங்களுக்கும் நடுவே இப்போது பாலம் இருக்கிறது, ஓரமாக நின்றாலே ஏரி தெரியும், பைனாகுலர் வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். பேக்கிங் செக்‌ஷன் அக்கா ஒருவர் கமிட்டி உறுப்பினர். "போன தடவை நீங்கதானே சார் ஏத்துனீங்க?" என்று கேட்டார்.

எச்.ஆர். என்னைப் பார்த்தார். ஆமாம் என்றேன். படம் கிட்டப் போய் எடுத்ததுதான், குழந்தை விழப் பார்த்தது, நான் யாரிடமும் சொல்லவில்லை என்று சொன்னேன். சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது. அக்காவுக்கு அதில் எந்த அதிர்ச்சியும் இல்லை.

"அது ஊருக்கே தெரியும் சார். படகுல நாங்க எட்டுப் பேரு இருந்தோம்ல? நீங்க ஜூமுன்னு சொன்னப்ப கேன்டீன் வரிசையில நானும்தான் நின்னேன். சாருக்கே எழுதத் தோணல, நாம எதுக்கு எழுதி மாட்டிக்கணும்னு அன்னைக்கே பேசிக்கிட்டோம்."

மீட்டிங் முடிந்து போய் நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். டூருக்கு முன்னால் வாரத்துக்கு வாரம் பக்கம் நிறைந்திருந்தது. அதற்குப் பின்னால் ஒன்று இரண்டு, பிறகு பல வாரங்கள் வெறும் தேதியும் என் கையெழுத்தும். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. அந்த வருட அறிக்கையில் 'நியர் மிஸ் கணிசமாகக் குறைந்துள்ளது' என்று நானே எழுதி, பாதுகாப்பு வார விழாவில் மேடையேறி அதற்கு ஷீல்டும் வாங்கியிருக்கிறேன்.