கோபுரத்திலிருந்து பேரருவிக்கு

தென்காசி

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கே சீசன் தொடங்கிவிட்டது. காலையிலிருந்து விடாத சாரல். ஆயத்தொலைவுப் பாடத்தில் குறை எண் வந்தால் எந்தப் பக்கம் போவதென்று குழம்புகிறாயாம், அம்மா சொன்னாள். நம் ஊரையே கிராஃப் தாளில் வைத்துப் பார், பிடிபட்டுவிடும்.

தாளின் நடுவே இரண்டு அச்சுகளையும் வரை. அவை வெட்டிக்கொள்ளும் ஆதிப்புள்ளிதான் காசி விசுவநாதர் கோயில் கோபுரம். வலப்பக்கம் கிழக்கு, மேலே வடக்கு. மூலையில் அளவுத்திட்டம் எழுது: ஒரு செ.மீ.க்கு ஒரு கி.மீ.

குற்றாலம் பேரருவிக்குக் கோயிலிலிருந்து மேற்கே ஏறத்தாழ 4 கி.மீ., பிறகு தெற்கே 3 கி.மீ. போக வேண்டும். மேற்கும் தெற்கும் குறை. ஆகவே புள்ளி (−4, −3), மூன்றாம் கால்பகுதி. கடையநல்லூர் வடகிழக்கில், முதல் கால்பகுதி. செங்கோட்டை வடமேற்கில், இரண்டாவது. பாவூர்சத்திரம் தென்கிழக்கில், நான்காவது. நேர் மேற்கே 4 கி.மீ. போய் நின்றுவிட்டால் (−4, 0). அது அச்சின் மேலேயே இருப்பதால் எந்தக் கால்பகுதியிலும் சேராது.

வரிசையை மாற்றிவிடாதே. (−3, −4) என்று குறித்தால் அருவியிலிருந்து ஒன்றரை கி.மீ. அளவுக்குத் தள்ளி நிற்பாய். முதல் எண் எப்போதும் கிடையாக, இரண்டாவது எண் செங்குத்தாக.

இப்போது பேரருவியை ஆதிப்புள்ளியாக வைத்துக்கொள். கோயில் (4, 3) ஆகிவிடும். குறி மாறியது, ஆனால் தூரம் மாறவில்லை. 16-ம் 9-ம் கூட்டினால் 25, அதன் வர்க்கமூலம் 5. எங்கிருந்து அளந்தாலும் நேர்கோட்டில் 5 கி.மீ.தான். ஆனால் எண்கள் ஆதிப்புள்ளியைப் பொறுத்து மாறுவதால், அது எதுவென்று சொல்லாமல் வெறும் இரண்டு எண்களைச் சொன்னால் யாருக்கும் வழி தெரியாது.

கைபேசி வரைபடம் தென்காசியை 8.96, 77.31 என்று காட்டும். அதற்கு ஆதிப்புள்ளி, நிலநடுக்கோடும் கிரீன்விச் தீர்க்கக்கோடும் சந்திக்கும் கினியா வளைகுடாக் கடலில் இருக்கிறது. அங்கே வடக்கு முதலில், கிழக்கு பிறகு. உன் பாடத்துக்கு நேர்மாறு, கவனம்.

கோபுரத்தை அளவைப் புள்ளியாகக் கொள்வது என் கற்பனை இல்லை. 1802-இல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்பவர் தொடங்கிய பெரிய நில அளவையில், குன்று இல்லாத சமவெளிகளில் கோயில் கோபுரங்களின் மேலேதான் கோணம் அளக்கும் கருவியை ஏற்றினார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது அந்தக் கனத்த கருவி மோதிச் சேதமானது. அதைச் செப்பனிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். ஒரு புள்ளியைச் சரியாகக் குறிக்க அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள், மருமகளே. நீயும் பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு பொறுமையாகக் குறி.

பாவூர்சத்திரம் கோயிலிலிருந்து ஏறத்தாழ (8, −5). பேரருவியிலிருந்து பார்த்தால் அதன் ஆயத்தொலைவுகள் என்ன? கால்பகுதி மாறுமா? கணக்கைப் போட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
அன்பு மாமா