ஆசிட்டும் டீச்சரம்மா வீட்டு மொசைக்கும்

உத்திரமேரூர்னு சொன்னா காலேஜ்ல எல்லாரும் குடவோலைக் கல்வெட்டைப் பத்திதான் கேப்பாங்க. எனக்கு எங்க ஊர்ல முதல்ல ஞாபகம் வர்றது ஒரு மொசைக் தரை.

என் சித்தி வீடு சுத்தம் பண்ற வேலை செய்றாங்க. பொங்கலுக்கு முன்னாடி அவங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. செகண்ட் இயர் செமஸ்டர் லீவுல நானும் கூடப் போனேன், கைச்செலவுக்கு ஆகுமேன்னு. "வாயைத் திறக்காம வேலையைப் பாரு"ன்னு மட்டும் சொல்லி வெச்சாங்க.

முதல் வீட்டிலேயே திறந்துட்டேன். சமையலறைச் சுவர்ல எண்ணெய்ப் பிசுக்கு விரல்ல ஒட்டுச்சு. "எத்தனை வருஷமா துடைக்கல?" அந்த அக்கா முகம் சுண்டிப்போச்சு. சித்தி உடனே, "மூணு வேளையும் அடுப்பு எரியற வீடுன்னா இப்படித்தாம்மா இருக்கும்"னாங்க. அது பொய் இல்ல. அந்த அக்கா மூணு வேளையும் சமைக்கிறவங்கதான்.

மூணாவது நாள், ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா வீடு. வாஷ்பேசினுக்குக் கீழ மொசைக்ல வெள்ளையா போர்த்தண்ணி உப்புக் கறை. சித்தி பரண்ல இருந்தாங்க. நான் கேக்காம ஆசிட்டை ஊத்தினேன். நுரைச்சுது, கறை போச்சு, கூடவே பாலிஷும் போச்சு. அந்தக் கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மொசைக்ல பதிச்ச மார்பிள் சில்லும் அதேதான். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கெமிஸ்ட்ரில நல்ல மார்க் வாங்கினவன் நான்!

ஆனா தரை ஈரமா இருக்கறவரைக்கும் ஒண்ணும் தெரியல. "காயறதுக்குள்ள காசை வாங்கிட்டுக் கிளம்பிடலாம் சித்தி"ன்னேன். "தரை பழசு மேடம்"னு ஒரு வசனமும் ரெடியா வெச்சிருந்தேன்.

சித்தி பதில் சொல்லல. காஞ்ச துணி எடுத்து அந்த இடத்தை ஒட்டத் துடைச்சாங்க. லைட்டைப் போட்டாங்க. அப்புறம்தான் கூப்பிட்டாங்க. "டீச்சரம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. ஆசிட் பட்டு இந்த இடம் சொரசொரன்னு ஆயிடுச்சு. எங்க கவனக்குறைவுதான்." 'எங்க'ன்னுதான் சொன்னாங்க, என் பக்கம் திரும்பக்கூட இல்ல.

டீச்சரம்மா ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்தாங்க. பேசின 1200-ல 300 பிடிச்சுக்கிட்டாங்க. சித்தி பேசாம வாங்கிக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் அந்த 300-ஐ என் கூலியில கழிச்சாங்க, அதுல தாட்சண்யமே கிடையாது.

பராந்தக சோழன் காலத்துல, 921 வாக்குல, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல வெட்டினது: வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவங்க மட்டுமில்ல, அவங்க சொந்தக்காரங்க பேரையும் குடத்துல போடக் கூடாது. சொந்தக்காரங்க என்ன பண்ணாங்க, பாவம்னு ஸ்கூல்ல நினைச்சிருக்கேன்.

அடுத்த பொங்கலுக்கு டீச்சரம்மாவே சித்திக்கு போன் பண்ணாங்க. போய்ப் பாத்தா அந்த இடத்து மேல ஒரு மிதியடி கிடந்துச்சு. "பையனும் வந்திருக்கானா, வரட்டும். ஆசிட்டை மட்டும் அவன் கையில கொடுக்காதே"ன்னாங்க.